குழுத் தொழிலில் கோளாறு எங்கே இருக்கிறது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் பொடி வகைகள், ஊறுகாய், அப்பளம், சிறுதானிய மாவு போன்றவற்றைச் செய்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காகவும், அவற்றின் கணக்கைப் பார்க்கும் கணக்காளர்களுக்காகவும் இந்த வழிமுறையை எழுதுகிறேன். தொழில் தடுமாறும்போது குழுவுக்குக் கண்ணில் படுவது ஓர் அறிகுறி மட்டுமே. தவணை கட்டப் பணம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, நான்கு பேர் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஏதோ ஒன்று முதலில் தெரியும். ஆனால் கோளாறு பெரும்பாலும் அறிகுறி தெரியும் இடத்தில் இருப்பதில்லை. கடனில் தெரியும் சிக்கலுக்குக் காரணம் விலை நிர்ணயத்தில் இருக்கலாம்; உறுப்பினர்களுக்குள் மூண்ட சண்டைக்குக் காரணம் எழுதப்படாத ஒரு வருகைப் பதிவாக இருக்கலாம்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டபோதும், 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியபோதும், பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டவை சேமிப்பும், அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடனும், தவறாத தவணையும்தான். நம் குழுக்களின் புத்தகங்கள் அந்த வேலைக்காகவே கோடு போடப்பட்டவை. அவற்றில் உறுப்பினர்கள் கட்டும் சேமிப்புச் சந்தா எழுத இடம் உண்டு, உள்கடன் எழுத இடம் உண்டு, அபராதம் எழுதக்கூட இடம் உண்டு. ஆனால் ஒரு மூட்டை உளுந்து எத்தனை பொட்டலமாக வெளியே போனது என்று எழுத இடம் இல்லை. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை, சேமிப்புக்காக வடிவமைக்கப்பட்ட புத்தகத்தில் வியாபாரத்தையும் சேர்த்து எழுதியதால் முளைத்தவை என்பதே பல ஆண்டுகள் இந்தப் புத்தகங்களைப் புரட்டிய பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு.

தொடங்குவதற்கு முன்

தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், கடைகளுக்குச் சரக்கு கொடுத்த சீட்டுகள் ஆகிய நான்கையும் ஒரே பாயில் எடுத்து வையுங்கள். குழுவின் பொறுப்பாளர்களான ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் உட்காராமல், அடுப்படியில் நின்று பொடி வறுப்பவரும் கடைக்குச் சரக்கு கொண்டுபோகிறவரும் உடன் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தவை எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்காது. பிறகு உங்கள் குழுவுக்குப் பொருந்தும் அறிகுறிக்குச் செல்லுங்கள். இரண்டு மூன்று பொருந்தினால், வரிசையில் முதலில் வருவதையே முதலில் சரிசெய்யுங்கள், ஏனென்றால் கணக்கு நேரானால் பின்னால் உள்ளவற்றில் சில தாமாகவே அடங்கும்.

அறிகுறி: “விற்பனை நன்றாகத்தான் நடக்கிறது, கையில்தான் காசு நிற்பதில்லை”

குழுக்களிடம் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். முதலில் செய்ய வேண்டிய சோதனை எளிது. கடந்த மாதம் தொழிலில் வந்த பணத்தை, சந்தா பணத்தோடு சேர்க்காமல் தனியாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், விற்ற பணத்திலிருந்து ஒருவருக்கு அவசர உள்கடன் போயிருக்கும், அல்லது சந்தா பணத்தில் மிளகாய் வாங்கியிருப்பார்கள். யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் தொழில் லாபத்தில் ஓடுகிறதா என்பது யாருக்கும் தெரியாது. தொழிலுக்கென்று தனி ரொக்கப் புத்தகம் ஒன்றை அன்றே தொடங்குங்கள். முடிந்தால் வங்கியிலும் தனிக் கணக்கு வேண்டும். தொழிலுக்குக் குழுப் பணம் தேவைப்பட்டால் அதைத் தீர்மானம் போட்டுத் தொழிலுக்குக் கொடுத்த கடனாகவே எழுதுங்கள்.

தனிப் புத்தகம் வந்த பிறகும் காசு நிற்கவில்லை என்றால், கோளாறு விலையில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்கைப் புரியவைக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குழு 10 கிலோ இட்லிப் பொடி செய்து 100 கிராம் பொட்டலமாக 100 பொட்டலம் போடுகிறது. உளுந்து 5 கிலோ 650 ரூபாய், கடலைப் பருப்பு இரண்டரைக் கிலோ 250 ரூபாய், மிளகாய் ஒன்றரைக் கிலோ 330 ரூபாய், எள் ஒரு கிலோ 200 ரூபாய், உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலைக்கு 120 ரூபாய் என்று மொத்தம் 1,550 ரூபாய். வறுக்கும்போதும் மில்லில் அரைக்கும்போதும் கழியும் எடை போக 10 கிலோ நிற்கிறது. ஆகவே ஒரு பொட்டலத்துக்கு 15 ரூபாய் 50 காசு அடக்கம் என்று குழு நினைக்கிறது. கடைக்கு 22 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, நூறு பொட்டலத்துக்கு 650 ரூபாய் லாபம் என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிடுகிறது.

இப்போது விடுபட்டவற்றைச் சேர்ப்போம். மில் கூலி 150, எரிவாயு 120, பையும் லேபிளும் 200, கடைக்குக் கொண்டுபோகும் ஆட்டோ 100, கிழிந்தும் நாள் கடந்தும் திரும்பிவந்த நான்கு பொட்டலங்களுக்கு 88. கூட்டினால் 658 ரூபாய். 650 ரூபாய் லாபம் என்று எழுதிய இடத்தில் உண்மையில் 8 ரூபாய் நட்டம். இதற்குள் இன்னும் கூலி வரவில்லை. மூன்று பெண்கள் ஒரு நாள் முழுவதும் அடுப்பின் முன்னால் நின்றிருக்கிறார்கள். ஆளுக்கு 300 ரூபாய் என்றால் 900. அதையும் சேர்த்தால் ஒரு பொட்டலத்தின் உண்மையான அடக்கம் 31 ரூபாய் 8 காசு. 22 ரூபாய்க்கு விற்ற ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்தப் பெண்கள் தங்கள் உழைப்பைக் கடைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். “வீட்டில் சும்மா இருக்கிற நேரந்தானே” என்று இதைத் தள்ளிவிடுகிறார்கள். களை எடுக்கப் போனால் கிடைத்திருக்கும் கூலியை விட்டுவிட்டு வந்த நேரம் சும்மா இருந்த நேரம் ஆகாது.

தீர்வு விலையை உயர்த்துவது மட்டுமன்று. அதே மூன்று பேர் அதே நாளில் 20 கிலோ செய்ய முடியும், ஏனென்றால் பருப்பைப் புடைப்பதற்கும் மில்லில் காத்திருப்பதற்கும் ஆகும் நேரம் 10 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது சரக்கு 3,100, மில் கூலி 300, எரிவாயு 240, பையும் லேபிளும் 400, ஆட்டோ 100, திரும்பியவை 176, கூலி 900 என்று 200 பொட்டலத்துக்கு 5,216 ரூபாய் ஆகிறது. ஒன்றின் அடக்கம் 26 ரூபாய் 8 காசு. விலையைத் தொடாமலே பொட்டலத்துக்கு ஐந்து ரூபாய் இறங்கிவிட்டது. பிறகு கடைக்கு 30 ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்தால்தான் தேய்மானத்துக்கும் வட்டிக்கும் போகக் குழுவுக்கு ஏதாவது நிற்கும். அந்த விலையில் உங்கள் ஊர்க் கடை எடுக்காது என்றால், அந்தப் பொருளை அந்தக் கடைக்குச் செய்யக் கூடாது என்பதே கணக்கு சொல்லும் விடை. இதை ஏற்றுக்கொள்வது கடினம்; ஆனால் ஓராண்டு கழித்துக் கடனோடு ஏற்றுக்கொள்வதைவிட இன்று ஏற்றுக்கொள்வது நல்லது.

அறிகுறி: “சரக்கு திரும்பித் திரும்பி வருகிறது”

முதலில் என்ன குறையோடு திரும்புகிறது என்று பிரித்துப் பாருங்கள். கட்டி தட்டி வருவதற்கும், சிக்கு வாடையோடு வருவதற்கும், கசந்து வருவதற்கும் காரணங்கள் வெவ்வேறு.

பொடி கட்டி தட்டியோ பூஞ்சை பிடித்தோ வந்தால், ஆறாத பொடியைப் பையில் போட்டிருக்கிறீர்கள். மில்லிலிருந்து வரும் பொடி கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் நடுவில் நல்ல சூடாக இருக்கும். அதைத் தூக்கில் மூடிக் கொண்டுவந்து அப்படியே பொட்டலம் போட்டால் பைக்குள் வியர்க்கும். சுத்தமான வெள்ளைத் துணியில் மெல்லப் பரப்பி, முழுதும் ஆறிய பிறகே பையில் இடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பொட்டலத்தை ஒட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் அந்த முறை செய்தது எதுவும் கடைக்குப் போகக் கூடாது. ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, பொட்டலத்தைத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. ஒட்டும் விளிம்பில் பொடி படிந்திருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஒட்டுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

சிக்கு வாடை எண்ணெய் உள்ள பொருளிலிருந்து வருகிறது. எள், நிலக்கடலை, கொப்பரை சேர்ந்த பொடிகளை உள்ளே தெரியும் மெல்லிய பையில் போட்டு, கடைக்காரர் வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்டால் சில வாரங்களிலேயே வாடை வந்துவிடும். ஒளி புகாத தடித்த பைக்கு மாறுங்கள், கடைக்குள்ளே வைக்கச் சொல்லுங்கள். அதுவரை எள் சேர்ந்த பொடியைச் சிறு அளவிலேயே செய்யுங்கள்.

கம்பு மாவு கசந்து வந்தால் உங்கள் கைத்தவறு ஏதும் இல்லை. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் தானியத்தில் உள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால் சில நாட்களிலேயே மாவு கசக்கும். கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் போல அமிழ்த்தி எடுத்து, நன்றாக உலர்த்திப் பிறகு அரைத்தால் அந்த நொதியின் வேகம் அடங்கி மாவு கூடுதல் நாட்கள் தாங்கும். கேழ்வரகு மாவு விற்றுப் பழகிய குழு அதே கணக்கில் கம்பு மாவையும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து அரைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மனம் நொந்துபோவார்கள், ஏனென்றால் முதல் வாரம் வாங்கியவர்கள் அனைவரும் பாராட்டியிருப்பார்கள்.

“போன தடவை மாதிரி இல்லை” என்ற குறையோடு திரும்பினால், அளவு கையிலிருந்து தராசுக்கு மாற வேண்டும். ஒவ்வொருவர் கைப்பிடியும் ஒவ்வொரு அளவு. உப்பு முதல் பெருங்காயம் வரை கிராமில் எழுதி, அந்தத் தாளை அடுப்புக்கு எதிரே சுவரில் ஒட்டிவையுங்கள்.

மேலும் ஒரு பழக்கத்தை எல்லாக் குழுக்களுக்கும் வற்புறுத்திச் சொல்வேன். ஒவ்வொரு முறை செய்யும்போதும் அந்த முறைக்கு ஓர் எண் கொடுத்து, சில பொட்டலங்களை விற்காமல் அலமாரியில் வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்தும் சுவைத்தும் பார்த்து எழுதுங்கள். உங்கள் பொடி எத்தனை நாள் தாங்கும் என்பது அப்போதுதான் தெரியும். பக்கத்துக் கடையில் தொங்கும் வேறொருவர் பொட்டலத்தைப் பார்த்து “ஆறு மாதம்” என்று லேபிளில் அச்சடிப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநீதி.

அப்பளம், வடகம் செய்யும் குழுக்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சரக்கு காயாமல் தவிப்பது ஆண்டுதோறும் நடப்பது. அந்த இரண்டு மாதங்களுக்கு வெயிலை நம்பாத வேறொரு பொருளை இப்போதே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். மழை வந்த பிறகு யோசிக்க நேரம் இராது.

அறிகுறி: “கடைக்காரர் பணம் தர மாட்டேன் என்று சொல்வதில்லை, தருவதும் இல்லை”

கடை கடையாகத் தனிப் பக்கம் போட்டு, கொடுத்த தேதி, கொடுத்த எண்ணிக்கை, திரும்பியது, வந்த பணம் என்று எழுதுங்கள். எழுதிய உடனே தெரியும், மொத்த நிலுவையில் பெரும்பங்கு இரண்டு மூன்று கடைகளில்தான் இருக்கும். அந்தக் கடைகளுக்குப் பழைய பாக்கியின் ஒரு பகுதியை வாங்கிய பிறகே புதுச் சரக்கு கொடுப்பது என்று தீர்மானம் போடுங்கள். கொண்டுபோகிறவர் தனியாகக் கேட்கக் கூச்சப்படுவார். “குழுவில் தீர்மானம் போட்டுவிட்டோம் அண்ணே, என்னால் மீற முடியாது” என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிப்பு வேண்டும். இரண்டு பேராகப் போவதும் உதவும். ஒவ்வொரு முறையும் இரட்டைப் பிரதிச் சீட்டில் கடைக்காரரின் கையெழுத்து வாங்குவது அவமரியாதை என்று சிலர் தயங்குகிறார்கள். அது வழக்கமாகிவிட்டால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

பெரிய கொள்முதலாளர்களுக்குச் சரக்கு கொடுக்கும் குழு, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவைச் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. சிற்றூர் மளிகைக் கடையிடம் இந்தச் சட்டத்தைப் பேசிப் பயனில்லை. நகரத்து அங்காடியிடமும் நிறுவனங்களிடமும் பேசலாம்.

அறிகுறி: “கண்காட்சியில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது, ஊருக்கு வந்ததும் ஓய்ந்துவிட்டது”

சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் கண்காட்சியோ, குழுப் பொருட்களுக்கான சரஸ் மேளாவோ, கல்லூரிச் சந்தையோ, வாங்குகிறவரை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. மூன்று நாள் கழித்து அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியாது. பொட்டலத்தில் உள்ள தொலைபேசி எண் பழைய ஊக்குநருடையதா என்று முதலில் பாருங்கள். பல குழுக்களில் அப்படித்தான் இருக்கிறது. குழுவுக்கென்று ஒரே எண்ணை நிலையாக வைத்து, அதில் வாட்ஸ்அப் வழியாக மறு ஆர்டர் எடுக்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். அடுத்து, கண்காட்சிச் செலவையும் விற்பனையையும் தனியாக எழுதுங்கள். பயணம், சாப்பாடு, இரண்டு பேரின் கூலி போனால் சில கண்காட்சிகளில் லாபம் நிற்காது. அப்படியிருந்தும் போவது புதிய வாடிக்கையாளருக்காக என்றால், எத்தனை பேரின் எண்ணை வாங்கிவந்தோம் என்பதே அந்தப் பயணத்தின் அளவுகோல்.

அன்றாட விற்பனைக்கு மாவட்டத் தலைநகரங்களில் குழுப் பொருட்களை விற்பதற்காக உள்ள பூமாலை வணிக வளாகமும், மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மதி வணிகப் பெயரும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன் உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகள், கல்யாண மண்டபச் சமையல்காரர்கள், தேநீர்க் கடைகள் ஆகியவற்றைப் பட்டியல் போடுங்கள். மாதம் 15 கிலோ சாம்பார்ப் பொடியைத் தவறாமல் வாங்கும் ஒரு விடுதி, ஆண்டுக்கு இரண்டு கண்காட்சிகளைவிடப் பெரிய ஆதரவு. பொட்டலச் செலவும் அங்கே கிடையாது.

அறிகுறி: “சரக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் நம்பர் இல்லை என்று பெரிய கடையில் வாங்க மறுக்கிறார்கள்”

அவர்கள் கேட்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண். 14 இலக்கங்கள் கொண்டது. சிறு அளவில் உணவுப் பொருள் செய்கிறவர்களுக்குப் பதிவும் பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு உரிமமும் தேவை. எந்த வகை என்பதை விண்ணப்பிக்கும்போது உள்ள விற்பனை வரம்பை வைத்து, உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். லேபிளில் பொருளின் பெயர், எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த நாள், எந்த நாள் வரை பயன்படுத்தலாம் என்பது, தயாரிப்பு முறையின் எண், முகவரி, நுகர்வோர் புகார் எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை போட்டிருக்க வேண்டும். பொட்டலமிடுவதற்கான பதிவு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் தனியாக உண்டு. சரக்கு சேவை வரியை நினைத்துப் பல குழுக்கள் அஞ்சுகின்றன. மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்கும் குழுவின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக அந்தப் பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்குமுன் மட்டும் ஒரு கணக்காளரைக் கேளுங்கள்.

அறிகுறி: “பன்னிரண்டு பேர் குழு, நான்கு பேர்தான் வேலை செய்கிறோம்”

இதைச் சோம்பல் என்றும் பொறாமை என்றும் பேசத் தொடங்கினால் குழு உடையும். உண்மையில் இது ஒரு வடிவக் கோளாறு. சேமிக்கப் பன்னிரண்டு பேர் சரியான எண்ணிக்கை. பொடி வறுக்கப் பன்னிரண்டு பேர் தேவையில்லை. நடவு, களை, அறுப்புக் காலங்களிலும், ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் நாட்களிலும், மாடு கட்டியிருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் அடுப்படிக்கு வர முடியாது. எல்லாரும் சமமாக உழைத்து எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கும் குழுவில், உழைத்தவருக்கு மனத்தாங்கலும் வராதவருக்குக் குற்ற உணர்வும் மிஞ்சும்.

சரிசெய்ய, கூலியையும் லாபத்தையும் பிரியுங்கள். இப்படி ஒரு தீர்மானம் போதும்: “தொழிலில் வேலை செய்யும் உறுப்பினருக்கு, வேலை செய்த நாளுக்கு அல்லது ஒட்டிய பொட்டலத்துக்குக் குழு நிர்ணயித்த கூலி, வாரத்தின் கடைசி நாளில் முதலில் கொடுக்கப்படும். கூலியும் எல்லாச் செலவும் போக நிற்கும் லாபத்தில் ஒரு பகுதி தொழிலின் நடைமுறை மூலதனமாகத் தொழில் கணக்கிலேயே இருக்கும். மீதி, ஒவ்வொருவரும் போட்ட முதலின் அளவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்கப்படும்.” இதோடு ஒரு வருகை நோட்டு வேண்டும், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அந்த நோட்டு இல்லாமல் மேலே உள்ள தீர்மானம் வெறும் எழுத்து. விருப்பமுள்ள நான்கைந்து பேர் மட்டும் குழுவிலிருந்து விலகாமலே தனித் தொழில் குழுவாக நின்று, பெரிய குழுவிடம் கடன் வாங்கி நடத்துவதும் நல்ல வழியே. அதில் பிரிவினை எதுவும் இல்லை.

கூலி வீட்டில் யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுத்தபோது வேலைக்கு வராமல் நின்ற ஒருவர், தம் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு தவறாமல் வந்ததை நான் அருகிலிருந்து கண்டேன். காரணத்தை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அறிகுறி: “வங்கியில் கடன் தர மறுக்கிறார்கள்”

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்ட உடனே பாதி மறுப்புகள் உண்மைக் காரணமாக மாறும். அடிக்கடி இருக்கும் காரணங்கள் மூன்று. ஊக்குநர், பிரதிநிதி மாறியும் வங்கியில் கையெழுத்து மாற்றப்படவில்லை. இதற்குத் தீர்மான நகலும் புதியவர்களின் அடையாள ஆவணங்களும் கொடுத்தால் தீரும். உறுப்பினர் ஒருவரின் தனிக்கடன் நிலுவையில் இருக்கிறது. அவரை ஒதுக்கிவைக்காமல், அந்த நிலுவையை அடைக்க என்ன வழி என்று குழு பேச வேண்டும். அல்லது கூட்டம் நடந்ததற்கும் உள்கடன் சுழன்றதற்கும் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதப்பட்ட ஆறு மாதக் கூட்டக் குறிப்பை எந்த மேலாளரும் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் பிணையோ வைப்புத்தொகையோ கேட்டால், விதி உங்கள் பக்கம் இருக்கிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையோ, குழு தன் பங்காகப் போட வேண்டிய விளிம்புத் தொகையோ கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கிவைக்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். பிணையில்லாக் கடனின் வரம்பு 2021-இல் 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. முதலில் கிளை மேலாளரிடம், பிறகு அந்த இயக்கத்தின் வட்டார அலுவலகமான வட்டார இயக்க மேலாண்மை அலகின் வழியாக வங்கியாளர் கூட்டத்தில், அதன் பிறகு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

உணவுப் பொருள் செய்யும் குழுக்களுக்கு, 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் தர இடம் வைக்கப்பட்டது. இப்போதைய நிலையை ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

அறிகுறி: “கடன் கிடைத்தது, தொழிலுக்குத்தான் போய்ச் சேரவில்லை”

ஆறு லட்சம் வந்தால் பன்னிரண்டு பேருக்கும் ஐம்பதாயிரமாகப் பிரித்துக்கொள்வது பல குழுக்களில் எழுதாத வழக்கம். காதணி மீட்கவும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், கிணற்று மோட்டாருக்கும் போகும் அந்தப் பணத்தைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அவை உண்மையான தேவைகள். தவறு, அதைத் தொழில் கடன் என்று கணக்கில் எழுதிவிட்டு, தொழில் வருமானத்திலிருந்து தவணை வரும் என்று எதிர்பார்ப்பது. கடன் வாங்கும் தீர்மானத்திலேயே குடும்பத் தேவைக்கு எவ்வளவு, தொழிலுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தொழில் பங்கைப் பிரித்துக் கொடுக்காமல் தொழில் கணக்குக்கே நேராக மாற்றுங்கள். தொழிலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: சரக்கு வாங்கிய நாளிலிருந்து கடைக்காரர் பணம் தரும் நாள் வரை எத்தனை வாரம் ஆகிறதோ, அத்தனை வாரச் செலவு கையில் இருக்க வேண்டும். ஏழு வாரம் என்றால் ஏழு வாரச் செலவு. இதற்குக் குறைவாக முதல் வைத்துத் தொடங்கிய தொழில், ஆர்டர் கூடிய மாதத்திலேயே மூச்சுத் திணறும்.

தொழில் பணம் போதாதபோது உறுப்பினர்கள் வாரத் தவணை மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை நாடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது என்பது 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரவோ அழைக்கவோ கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு வாசலில் வந்து நிற்கிறவரிடம் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு உறுப்பினர் இருவர் வந்து நிற்பது குழுவின் கடமை.

அறிகுறி: “இயந்திரம் வந்தது, ஓடவில்லை”

வாங்கிய அரவை இயந்திரத்துக்கு மும்முனை மின்சாரம் தேவை, கட்டடத்தில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு என்பதே அடிக்கடி காணும் காரணம். அடுத்தது, இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் திருமணமாகிப் போய்விட்டார் என்பது. இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன் மின் இணைப்பின் வகையையும், அருகில் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா என்பதையும் உறுதி செய்யுங்கள். குறைந்தது மூன்று பேர் அதை இயக்கவும் சுத்தம் செய்யவும் பழக வேண்டும். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இலவசப் பயிற்சி உண்டு. ஏற்கெனவே வாங்கி நிற்கும் இயந்திரமாக இருந்தால், வாரத்தில் எத்தனை கிலோ மில்லில் கொடுத்து அரைக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த மில் கூலி, சொந்த இயந்திரத்தின் மின் கட்டணத்துக்கும் பழுதுச் செலவுக்கும் கீழே இருந்தால், இயந்திரத்தைக் கூட்டமைப்பின் வழியாக வேறொரு குழுவுக்குக் கைமாற்றிவிட்டு மில்லிலேயே தொடருங்கள்.